தாய் இனக்குழுவும் சேய் இனக்குழுவும்

(கணிப்பொறி மன்றத்தின் சார்பில், பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பெரும்பாலும் அது பாராட்டாக வருவதில்லை. வீட்டில் ஒரு பாத்திரம் உடைந்த பின்போ, மதிப்பெண் அட்டை வந்த பின்போதான் வரும். அந்தப் பழமொழியைக் கணிப்பொறி அறையில், மின்விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே, ஒரு பாடத்தின் தலைப்பாகக் கேட்போம் என்று நாங்கள் எண்ணியதே இல்லை. கணிப்பொறி மிஸ் அதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடிட்டு, "இதற்குக் கணிப்பொறிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் மரபுரிமம்" என்றார்.

ஆண்டு மலர் என்றாலே 'ஒரு பழைய குடையின் தன்வரலாறு', 'நாங்கள் சென்ற இன்பச் சுற்றுலா' போன்ற கட்டுரைகளைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நாங்கள் இந்தத் தலைப்பைக் கொடுத்ததும் மலரின் பொறுப்பாசிரியை எங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "பெற்றோருக்குப் புரியுமா?" என்று கேட்டார். புரியும்படி எழுதுகிறோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். புரியவில்லையென்றால் குற்றம் எங்களுடையது, கணிப்பொறியினுடையது அன்று.

எங்கள் மன்றத்தில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை எங்களுடையது. மரபுரிமம் பத்தாம் வகுப்புப் பாடமே அன்று. பதினோராம் வகுப்பு அக்காமாரின் கணிப்பொறிப் பாடநூலில் வருவது. அவர்களிடம் நூலை இரவல் வாங்கித்தான் படித்தோம். அந்த நூலில் வரும் சொற்களில் முதன்மையானவை இரண்டு: இனக்குழு, பொருள்.

எங்கள் தையல் அறையைப் பார்த்தவர்களுக்கு இவை எளிதில் விளங்கும். சீருடைப் பாவாடைக்காகப் பழுப்புத் தாளில் வெட்டிய மாதிரி ஒன்று சுவரில் ஆணியில் தொங்கும். அதை யாரும் உடுத்த முடியாது. ஆனால் அதை வைத்து எத்தனை பாவாடை வேண்டுமானாலும் வெட்டலாம். ஒருத்தியின் பாவாடையில் மை கொட்டினால் அது அவளுடைய பாவாடையோடு போயிற்று. தாள் மாதிரிக்கு ஒன்றும் ஆகாது. தாள் மாதிரிதான் இனக்குழு. தைத்து முடித்த பாவாடை ஒவ்வொன்றும் ஒரு பொருள். நிரலில் ஓர் இனக்குழு இரண்டு செய்திகளைச் சொல்லும். தன் பொருள்களுக்கு என்னென்ன பண்புகள் உண்டு என்பது ஒன்று; அவை என்னென்ன செய்ய வல்லவை என்பது மற்றொன்று. செய்ய வல்லதைப் பாடநூல் 'செயற்கூறு' என்கிறது.

இனி மரபுரிமம். சின்னஞ்சிறு வகுப்புகளுக்குத் தோள்பட்டை வைத்த பாவாடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தையல் ஆசிரியை முழு மாதிரியையும் புதிதாக வெட்ட மாட்டார். ஒரு துண்டுத் தாளில், "எல்லாம் பழைய மாதிரியே, தோள்பட்டை மட்டும் கூடுதல்" என்று குறித்துப் பழைய தாளோடு குண்டூசியால் குத்திவிடுவார். அந்தத் துண்டுத் தாள்தான் சேய் இனக்குழு. தாயிடம் உள்ள அனைத்தும் அதற்குக் கேட்காமலே வந்துவிடும். வேண்டியதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றைத் தாய் செய்யும் விதம் பிடிக்கவில்லையென்றால், அதே பெயரில் தன் விதத்தை எழுதிக்கொள்ளலாம். இதற்கு மேலெழுதுதல் என்று பெயர். (வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

மரபுரிமை என்றதும் நமக்கு நகையும் நிலமும் நினைவுக்கு வருகின்றன. அங்கே ஒருவர் பெற வேண்டுமானால் மற்றொருவர் இழக்க வேண்டும். பாட்டியின் இரட்டைவடச் சங்கிலியை மூன்று பேத்திகளுக்குப் பங்கிட்டால் கடைசியில் சங்கிலியே இராது. நிரலில் அப்படி இல்லை. தாய் இனக்குழு நூறு சேய்களுக்குக் கொடுத்தாலும் குறைவதில்லை. ஆனால் அங்கே வேறோர் ஆபத்து உண்டு. குண்டூசி எப்போதும் குத்தியே இருக்கிறது. யாரேனும் ஒரு நாள் தாய் மாதிரியின் இடுப்பளவைக் குறைத்துவிட்டால், அதை நம்பியிருக்கும் அத்தனை சேய்களின் இடுப்பும் அன்றே குறையும். சேயை எழுதியவருக்குச் செய்திகூடத் தெரியாமல் இருக்கலாம். பெரிய நிறுவனங்களில் பல ஆண்டுகள் பழகிய நிரல்கள் திடீரென்று பழுதாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று மிஸ் சொன்னார்.

இந்தப் பாடத்தைப் பற்றித் தமிழம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை வகுத்திருக்கும் முறையை எடுத்துச் சொன்னார். புல்லுக்கும் மரத்திற்கும் தொட்டறியும் ஓரறிவு. நத்தை முதலியவற்றுக்கு அதனோடு நாவும் சேர்ந்து ஈரறிவு. எறும்புக்கு அவற்றோடு மூக்கு. நண்டுக்கும் தும்பிக்கும் அவற்றோடு கண். விலங்குகளுக்கு அவற்றோடு செவி. மக்களுக்கு அவற்றோடு மனம். ஒவ்வொரு படியும் கீழ்ப்படியில் உள்ளதை மறுபடி பட்டியலிடுவதில்லை. 'அவற்றோடு' என்று சொல்லிப் புதியதை மட்டும் சேர்க்கிறது. எங்கள் மிஸ் கரும்பலகையில் வரைந்த படமும் இப்படித்தான் இருந்தது. இதை வைத்துக்கொண்டு மரபுரிமத்தைத் தமிழரே கண்டுபிடித்தார் என்று மேடையேறிப் பேச நாங்கள் தயாராக இல்லை. உயிர்களை வகுப்பது வேறு, பொறிக்குக் கட்டளையிடுவது வேறு. ஆயினும் எண்ணத்தின் அமைப்பு ஒன்றாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

பொறிக்கான மரபுரிமம் பிறந்த ஊர் நார்வே நாட்டின் ஆஸ்லோ. அங்கிருந்த நார்வே கணிப்பொறி நடுவத்தில் கிறிஸ்டன் நைகார்டு, ஓலே-யோகான் டால் என்னும் இருவர் 1960-களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். உலகில் நடப்பதை அப்படியே கணிப்பொறிக்குள் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. ஒரு துறைமுகத்தில் இன்னும் ஒரு பளுதூக்கி வைத்தால் கப்பல்கள் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையும்? மெய்யாகவே வைத்துப் பார்த்தால் பெருஞ்செலவு. கணிப்பொறிக்குள் வைத்துப் பார்த்தால் மின்சாரச் செலவு மட்டும். நைகார்டு முன்பு நார்வேயின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இத்தகைய கணக்குகளைப் போட்டுப் பழகியவர். டால் நிரல் எழுதுவதில் வல்லவர்.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒரு பாலம். பாலத்தின் நுழைவாயிலில் சுங்கச்சாவடி. அங்கே லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கின்றன. இதை நிரலாக எழுத வேண்டும். லாரிக்குச் சரக்கு உண்டு. பேருந்துக்குப் பயணிகள் உண்டு. இரண்டும் வேறு வேறு. ஆனால் வரிசையில் நின்றுவிட்டால் இரண்டுக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எனக்கு முன்னால் யார், எனக்குப் பின்னால் யார்? காலை வழிபாட்டுக்கு வரிசையில் நிற்கும் நமக்கும் அந்த நேரத்தில் வேறென்ன தெரியும்! வரிசை என்னும் சங்கிலியின் கண்ணியாக இருக்கும் திறமையை லாரிக்கு ஒரு முறையும் பேருந்துக்கு ஒரு முறையும் எழுதுவது வீண். 'கண்ணி' என்பதைத் தனியே ஒரு முறை எழுதி, அதன்மேல் லாரியையும் பேருந்தையும் பசை போட்டு ஒட்டியதுபோல் ஒட்டிவிட்டால் என்ன? அவ்வாறு ஒட்டியபின் அது இரண்டு பொருளாக இராமல் ஒரே பொருளாக இருக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1967-இன் தொடக்கத்திலும் அவர்களுக்கு இந்த வழி புலப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1966-இல் பிரான்சு நாட்டு மலையூரான வில்லார்-த-லான்சில் நடந்த கோடைப் பள்ளியில், இங்கிலாந்தின் டோனி ஹோர் பதிவேடுகளை வகைப்படுத்துவது பற்றிச் சொன்ன கருத்துகளும் அவர்களுக்கு உதவின. 1967 மே மாதத்தில் ஆஸ்லோவில் கூடிய மாநாட்டில் தங்கள் முறையை வெளியிட்டார்கள்.

அவர்கள் அதை மரபுரிமம் என்று அழைக்கவில்லை என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி. தாய் இனக்குழுவின் பெயரைச் சேயின் பெயருக்கு முன்னால் எழுதியதால் 'முன்னொட்டு' என்றே அழைத்தார்கள். தாய், சேய், மரபு என்னும் குடும்பச் சொற்களெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பாலமும் லாரியுமாகத் தொடங்கிய ஒன்று குடும்பமாகிவிட்டது!

நைகார்டு கணிப்பொறியோடு நின்றவர் அல்லர். 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து, ஆலைக்குள் வரும் கணிப்பொறிகளைப் பற்றித் தொழிலாளர்களும் அறிந்து பேச வேண்டும் என்று பாடுபட்டார். இருவருக்கும் 2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002 ஜூன் இறுதியில் டாலும் அதே ஆண்டு ஆகஸ்டில் நைகார்டும் மறைந்தார்கள்.

ஆஸ்லோவிலிருந்து இம்முறை பரவிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறோம். அமெரிக்காவில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்டுபர்க் ஆகியோர் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஸ்மால்டாக் மொழியை உருவாக்கினர். 1972-இல் அதில் மரபுரிமம் இல்லை, 1976-இல் வந்தது. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது சிமுலாவில் நிரல் எழுதிய டென்மார்க்குக்காரர் பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப், 1979-இல் சி மொழிக்கு இனக்குழுக்களைச் சேர்க்கத் தொடங்கினார். அதுவே சி பிளஸ் பிளஸ் ஆயிற்று. 1995-இல் ஜாவா வந்தது. ஜாவாவில் எந்த இனக்குழுவை எழுதினாலும், அது மேலே ஏறி ஏறி 'பொருள்' என்னும் ஒரே ஆதித்தாயிடம் போய் முடியும்.

நாங்கள் எழுதுவது பைத்தான் மொழியில். பைத்தான் 3-இல் இனக்குழுக்களுக்கும் பண்புகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது தெரிந்த அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். மற்றபடி திரையில் 'மாணவி' என்று தமிழில் எழுதினால் பொறி ஏற்றுக்கொள்ளும்.

எங்களுக்கு வேலை கொடுத்தவர் விடுதிக் காப்பாளர் சிஸ்டர். பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவியின் வீட்டுக்கும் கடிதம் போகும். விடுமுறை நாள், கட்டண நிலுவை, மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதில் இருக்கும். சிஸ்டர் அதைக் கையாலேயே நிரப்பிவந்தார். "கணிப்பொறி மன்றம் என்று ஒன்று இருந்து என்ன பயன்? இதைச் செய்து கொடுங்கள் பார்ப்போம்" என்றார். நாங்களும் ஆர்வத்தோடு உட்கார்ந்தோம். 'மாணவி' தாய் இனக்குழு. 'விடுதி மாணவி', 'பகல்நேர மாணவி' இரண்டும் சேய்கள். பெயர், வகுப்பு, பிறந்த நாள் ஆகியவை தாயிடம். அறை எண்ணும் உணவுக் கட்டணமும் விடுதி மாணவியிடம். பேருந்து வழித்தடம் பகல்நேர மாணவியிடம். கரும்பலகையில் படம் வரைந்து முடித்தபோது மிக அழகாக இருந்தது.

தகராறு அடுத்த வரியில் வந்தது. சிஸ்டர் கொடுத்திருந்த அச்சடித்த படிவத்தில், மாணவியின் பெயருக்குக் கீழே 'தந்தையின் பெயரும் தொழிலும்' என்று இருந்தது. அப்படிவம் பள்ளியில் அச்சடித்தது அன்று. வெளியிலிருந்து கட்டுக்கட்டாக வருவது. எங்களுள் ஒருத்தி, "எல்லோருக்கும் பொதுவானதைத்தானே தாய் இனக்குழுவில் வைக்க வேண்டும்? தந்தை என்னும் பண்பையும் அங்கேயே எழுதிவிடலாம்" என்றாள். பாடநூலின்படி அவள் சொன்னது சரியாகவே பட்டது.

அப்போது எங்கள் ஆறு பேரில் விடுதியில் தங்கிப் படிப்பவள், "எனக்கு அங்கே என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்டாள்.

அவளைப் பற்றி எங்களுக்குத் தெரியும். அவள் தந்தை அவர்களோடு இல்லை. தாயார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊரில் இருக்கும் பாட்டிதான் கையெழுத்திடுவார், விடுமுறைக்கு அழைத்துப்போக வருவார். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் அந்த வரி வெறுமையாக இருப்பதைப் பார்த்து யாராவது ஒருவர், எல்லோர் முன்னிலையிலும், "இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்பார். அவளும் ஒவ்வோர் ஆண்டும் பதில் சொல்வாள். இவள் முகத்தைப் பார்க்காமல் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம்.

பண்பை எழுதிவிட்டு, அவளுக்கு மட்டும் வெறுமையாக விடலாம் என்று ஒருத்தி சொன்னாள். அப்படியானால் கடிதம் 'அன்புள்ள' என்று தொடங்கி, ஓர் இடைவெளி விட்டு, 'அவர்களுக்கு' என்று அச்சாகும். அதைப் பாட்டிக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும். இன்னொருத்தி, "அதற்குத்தானே மேலெழுதுதல் இருக்கிறது! 'தந்தையில்லா மாணவி' என்று ஒரு சேய் இனக்குழு எழுதி, அதில் கடிதம் எழுதும் செயற்கூறை மட்டும் மாற்றிவிடுவோம்" என்றாள். நிரலாகப் பார்த்தால் அதுவும் ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

"எனக்கென்று தனியாக ஓர் இனக்குழுவா?" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன் பின் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அன்றைக்கு மிஸ் எங்களுக்குப் பார்பரா லிஸ்கோவைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் கணிப்பொறி இயலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் ஒருவர். பட்டம் பெற்றது 1968-இல். 2008-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவரே. 1970-களில் அவர் உருவாக்கிய குளூ என்னும் மொழியில் மரபுரிமமே கிடையாது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் மரபுரிமத்தை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கான அளவுகோலைக் கொடுத்தவரும் அவர்தான். 1987-இல் ஓர் உரையில் அதைச் சொன்னார். 1994-இல் ஜெனட் விங் என்பவரோடு சேர்ந்து முறையாக எழுதினார். அளவுகோல் இதுதான்: தாய் நிற்கக்கூடிய எந்த இடத்திலும் சேயை நிறுத்தினால், அங்கே வேலை வாங்குபவருக்கு எந்த வேறுபாடும் தெரியக் கூடாது. தாய் கொடுத்த வாக்கைச் சேய் மீறுவதாக இருந்தால், அது சேயே அன்று.

இதற்கு எல்லா நூல்களிலும் வரும் எடுத்துக்காட்டு பறவை. பறவை என்னும் இனக்குழுவில் 'பற' என்று ஒரு செயற்கூறை எழுதியாயிற்று. பிறகு பெங்குவின் வருகிறது. அது பறவைதான், ஆனால் பறக்காது. பலரும் பெங்குவினில் அந்தச் செயற்கூறை மேலெழுதி, 'என்னால் முடியாது' என்று பிழைச்செய்தி தரும்படி செய்துவிடுவார்கள். எல்லாப் பறவைகளையும் பறக்கவிடும் நிரல் பெங்குவினிடம் வந்ததும் நின்றுவிடும். இதைச் சொல்லிவிட்டு மிஸ் எங்களைக் கேட்டார்: "பிழை யாரிடம்? பெங்குவினிடமா?" எங்கள் விடுதித் தோழிதான் முதலில் பதில் சொன்னாள். "இல்லை மிஸ். பறவை என்று எழுதியவர், தாம் பார்த்த பறவைகளை மட்டும் வைத்து எழுதிவிட்டார்."

மாணவி என்பவளிடம் உண்மையிலேயே எப்போதும் இருப்பது என்ன என்று நாங்கள் மறுபடி கரும்பலகையில் எழுதத் தொடங்கினோம். பெயர் இருக்கும். பிறந்த நாள் இருக்கும். தந்தை எல்லோருக்கும் வீட்டில் இருப்பதில்லை, தாயும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் ஒருத்திக்குச் சித்தியும் சித்தப்பாவுமே எல்லாம். வேறொருத்திக்கு அண்ணன். ஆனால், "இவளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்திட்ட ஒருவராவது ஒவ்வொருத்திக்கும் உண்டு. இல்லாவிட்டால் அவள் இங்கே சேர்ந்திருக்கவே முடியாது. ஆகவே 'பொறுப்பாளர்' என்று தனியே ஓர் இனக்குழு எழுதினோம். அதில் பெயர், உறவு, தொலைபேசி, முகவரி. ஒரு மாணவிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கலாம், இருவரும் இருக்கலாம். கடிதம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்பதையும் அந்த வீட்டாரே சொல்லலாம்.

இது மரபுரிமம் அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டி மாணவியின் தாய் இனக்குழு இல்லை. மாணவி பாட்டியை உடையவள். 'ஆவாள்' என்பதற்கும் 'உடையாள்' என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. விடுதி மாணவி ஒரு மாணவி ஆவாள். மாணவி ஒரு பொறுப்பாளரை உடையாள். எரிக் காமா முதலிய நால்வர் 1994-இல் எழுதிய வடிவமைப்பு நூலில், ஆவதை நாடும் முன் உடைமையை நாடுங்கள் என்னும் பொருள்பட அறிவுரை சொல்லியிருக்கிறார்களாம். கணிப்பொறி நூல்களிலேயே அதிகம் பேசப்படுபவற்றுள் அது ஒன்று. அதைப் படிக்காமலே நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் அவர்கள் பக்கத்தில் போய் நின்றோம் என்று மிஸ் சொன்னபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்று அவிழ்ந்தால் அடுத்ததும் அவிழும் போலும். படத்தைப் பார்த்த விடுதி சிஸ்டர், "மழைக்காலத்தில் பேருந்து வராத ஊர்களிலிருந்து பகல்நேரப் பிள்ளைகள் சிலர் நடுவிலேயே விடுதிக்கு வந்துவிடுவார்களே, அவர்களை எப்படி மாற்றுவீர்கள்?" என்று கேட்டார். கணிப்பொறி படித்தவர் அல்லர் அவர். ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. பெரும்பாலான மொழிகளில் ஒரு பொருள் எந்த இனக்குழுவில் பிறந்ததோ அதிலேயே இறுதிவரை இருக்கும். பகல்நேர மாணவியாகப் பிறந்த பொருளை விடுதி மாணவியாக்க வேண்டுமானால், பழையதை அழித்துப் புதியதைப் படைக்க வேண்டும். ஒரு பிள்ளையை நவம்பர் மாதத்தில் அழித்துப் படைப்பது சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை! எனவே 'தங்குமிடம்' என்பதும் உடைமையாயிற்று. கரும்பலகையில் அத்தனை அழகாக இருந்த கிளைகளில் இரண்டு போய்விட்டன. எஞ்சிய மரபுரிமம் ஒன்றே ஒன்று. 'நபர்' என்னும் தாய். மாணவி, ஆசிரியை, பொறுப்பாளர் என்னும் மூன்று சேய்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் தாயிடம். அது மட்டும் எத்தனை கேள்வி கேட்டும் அசையவில்லை.

பாடநூலில் நாங்கள் மிகவும் விரும்பிப் படித்தது பன்முக மரபுரிமம். ஆனால் எங்கள் நிரலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. ஒரு சேய்க்கு இரண்டு தாய்கள் இருப்பது அது. விடுதி மாணவி ஒரு மாணவி. பாடகர் குழு மாணவியும் ஒரு மாணவி. எங்கள் தோழி இரண்டுமாக இருக்கிறாள். மாலை ஐந்து மணிக்கு மணி அடித்தால், விடுதி மாணவி படிப்பறைக்குப் போக வேண்டும். பாடகர் குழு மாணவி பாட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும். இருவரையும் பெற்ற இவள் எங்கே போவாள்? வரைந்து பார்த்தால் சாய்சதுரமாக வருவதால் இதற்கு வைரச் சிக்கல் என்று பெயர். சி பிளஸ் பிளஸ் 1989 முதல் இரண்டு தாய்களை அனுமதிக்கிறது. தெளிவாகச் சொல்லாவிட்டால் குழப்பம் என்று மறுத்துவிடும். ஜாவா, இனக்குழுவுக்கு ஒரு தாய்தான் என்று கண்டிப்பாக நின்றுவிட்டது. பைத்தான் யாரை முதலில் கேட்பது என்று ஒரு வரிசை போட்டுக்கொள்கிறது. முதலில் அவளையே கேட்கும்; பிறகு அடைப்புக்குறிக்குள் இடப்பக்கம் எழுதிய தாயை, பிறகு வலப்பக்கத் தாயை; இருவருக்கும் பொதுவான பாட்டியைக் கடைசியில்தான் கேட்கும். டிலன் என்னும் மொழிக்காக 1996-இல் வகுத்த முறை இது. பைத்தான் 2003-இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் தோழி உண்மையில் எங்கே போகிறாள் என்றால், எந்த சிஸ்டர் முதலில் கண்ணில் படுகிறாரோ அங்கே.

டிசம்பர் மாதத்தில் கடிதங்கள் அச்சாகிப் போயின. முதல் கடிதம் அச்சுப்பொறியிலிருந்து வந்தபோது நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்றோம். எங்கள் தோழியின் கடிதம் வந்ததும் அவளே எடுத்தாள். 'அன்புள்ள' என்பதற்கு அடுத்து அவள் பாட்டியின் பெயர் முழுதாக, தலைப்பெழுத்தோடு, இருந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். மடித்து உறையில் போட்டு, முகவரியை மட்டும் தன் கையால் எழுதினாள். அச்சடித்த படிவம் இன்னும் அப்படியேதான் வருகிறது. அதை நாங்கள் மாற்ற முடியாது. ஆனால் அடுத்த ஜூனில் அந்த வரியைப் பற்றி வகுப்பில் யாரையும் கேட்க வேண்டியதில்லை, கணிப்பொறியில் எல்லாம் இருக்கிறது என்று தலைமையாசிரியை சிஸ்டர் ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் சற்றும் எதிர்பாராதது வேறொன்று. பெற்றோர் நாளன்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா எங்கள் மேசைக்கு வந்தார். தந்தையும் தாயுமாக இருவருமே உள்ள வீடு அது. பொறுப்பாளர் வரிசையில் அந்த வீட்டுப் பெண் தன் அம்மாவின் பெயரை முதலில் எழுதிக் கொடுத்திருந்தாள். "என் பெயருக்கே கடிதம் வந்ததே, அதை எழுதியது நீங்களா கண்ணு?" என்று கேட்டார். ஆம் என்றோம். இதுவரை வீட்டுக்கு வந்த தபால் எதிலும் தம் பெயர் இருந்ததில்லை என்றும், அதை எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாற்காலியைத்தான் இழுத்துப் போட்டோம்.

வரும் பருவத்துக்குள் நூலகப் பதிவேட்டையும் சேர்த்துத் தர வேண்டும் என்று நூலக ஆசிரியை கேட்டிருக்கிறார். அதில் 'வாசகர்' என்பவர் நபரின் சேயா, அல்லது மாணவியும் ஆசிரியையும் உடைய ஓர் அட்டை மட்டுமா என்னும் தகராறு இப்போதே தொடங்கிவிட்டது. மூவர் ஒரு பக்கம், மூவர் மறுபக்கம்.